டெல்லிக்குக் கேட்குமா எங்க ஊர் மைக்?

தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம்?

இது தமிழ் இரண்டாம் தாள் கேள்வி இல்லை சார். எங்க பக்கத்து ரயில்வே கேள்வி!

2025 ஜனவரி. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்கு வந்திருந்தார் மத்திய ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய புதிய ரயில் பாதை என்னாச்சு என்று நிருபர்கள் கேட்டார்கள். மாநில அரசே அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்கிற பொருளில் பதில் வந்தது. அவ்வளவுதான்... டி.வி.யில் பிரேக்கிங் நியூஸ், மாநில அமைச்சரிடமிருந்து 'நாங்கள் எப்போது சொன்னோம்?' என்று மறுப்பு, கட்சிக்குக் கட்சி அறிக்கை. நாலைந்து நாள் அமளிக்குப் பிறகு ரயில்வே விளக்கம் கொடுத்தது. தொழிற்சாலைச் சத்தத்தில் 'தூத்துக்குடி' என்ற கேள்வி 'தனுஷ்கோடி' என்று காதில் விழுந்துவிட்டதாம். அமைச்சர் சொன்ன பதில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி பாதைக்காம்.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாதைக்கு ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது 2011-12-ல். அப்போது நான் பி.காம். கடைசி வருஷம். வேலை கிடைத்தால் மதுரைக்கு ரயிலில் 'அப் அண்ட் டவுன்' போய் வரலாம் என்று கணக்குப் போட்டவன். சுமார் 143 கிலோமீட்டர் பாதையில், தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டான் - மேலமருதூர் இடையே 18 கிலோமீட்டர் முடிந்தது. எனக்கு அதற்குள் கல்யாணமாகி, பையன் யு.கே.ஜி. போகிறான்.

விளக்கம் வந்த அன்றைக்கு சாயங்காலம், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு டீக்கடையில் இருந்தேன். சுற்றிலும் சீமைக்கருவேலம். தூரத்தில் கரிமூட்டப் புகை. பெஞ்சில் என் சித்தப்பா. நாலு பவர்லூம் வைத்திருக்கிறார், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். அவர் பக்கத்தில் ஒரு கவுன்சிலர் அண்ணாச்சி. எந்த நகராட்சி, எந்த வார்டு, எந்தக் கட்சி என்ற மூன்றையும் கேட்காதீர்கள். விருதுநகர் மாவட்டத்தில் நகராட்சி ஐந்து இருக்கிறது. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"ஏண்ணாச்சி, ஒரு ஆளுக்குக் காது கேக்கலைன்னா ஊரே கத்தணும்ல? மதுரை மாநகராட்சி இருக்கு, காரியாபட்டி பேரூராட்சி இருக்கு, அருப்புக்கோட்டை நகராட்சி இருக்கு, அந்தப் பக்கம் தூத்துக்குடி மாநகராட்சி. வழியெல்லாம் கிராம ஊராட்சி. அத்தனை பேரும் சேந்து ஒரே தாள்ல எழுதிக் கொடுத்தா தூத்துக்குடின்னா தூத்துக்குடின்னுதான படிக்கணும்? தனுஷ்கோடின்னு படிக்க முடியாதுல்ல?"

அண்ணாச்சி டீ கிளாசைக் கீழே வைத்தார். "சேந்து எழுதறதா? அப்படி ஒரு பழக்கமே நமக்குக் கிடையாதுப்பா" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலில் பிறந்தது. நாட்டுக்கே பொதுவான ஒரு விஷயத்தில் - ரயில், வரி, தண்ணீர், எதுவாகட்டும் - பல ஊர் நகராட்சிகள் கூடி 'எங்கள் நிலை இது' என்று ஒரே குரலில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எப்படி? முடியவில்லை என்றால் யாருக்கு நஷ்டம்?

கடைசிக் கேள்விக்கு பதில் சித்தப்பாவின் பீரோவிலேயே இருந்தது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

*

முதலில், ஒரு தீர்மானம் எப்படிப் பிறந்து எங்கே போகிறது என்று அண்ணாச்சியைக் கேட்டேன். ஆபீஸில் ஃபைல் நகர்த்துகிற உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

மன்றக் கூட்டத்துக்கு முன்னால் அஜெண்டா வரும். தயாரிப்பது ஆணையாளர் அலுவலகம். ஆணையாளர் மாநில அரசு அனுப்பிய அதிகாரி. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, போர்வெல் மோட்டார் ரீவைண்டிங், பஸ் ஸ்டாண்ட் கடை ஏலம் என்று ஐம்பது அறுபது பொருள். மன்றத்தில் ஒருத்தர் எழுந்து, "ரயில் பாதையை சீக்கிரம் முடிக்கணும்னு மத்திய அரசைக் கேட்டு ஒரு தீர்மானம் போடணும்" என்றால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். மேஜையைத் தட்டி நிறைவேற்றிவிடுவார்கள். அதற்கப்புறம்?

"நகல் மேல போகும் தம்பி."

"மேலன்னா?"

"கலெக்டர், மெட்ராஸ்ல நகராட்சி நிர்வாக இயக்குநர், அதுக்கு மேல செக்ரட்டரி. டெல்லிக்கு நேரா நாம எழுதக்கூடாதுன்னு இல்லை. எழுதினா யாரு படிப்பா?"

அங்கேயே இன்னொரு ஊர் நகராட்சியும் இதே தீர்மானத்தைப் போட்டிருக்கலாம். வேறு வார்த்தையில், வேறு மாதத்தில். இரண்டு நகலும் இரண்டு ஃபைலில் இரண்டு அலமாரியில் தூங்கும். ஒன்றுக்கு ஒன்று சொந்தம் என்று யாருக்கும் தெரியாது. திருவிழாவில் தொலைந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

நகராட்சி என்பதே மாநில சட்டம் பெற்ற பிள்ளை. மன்றம் போட்ட தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 1992-ல் நாடாளுமன்றம் 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்களைக் கொண்டுவந்து, 1993-ல் அவை அமலுக்கு வந்தபோது உள்ளாட்சிக்குப் பெரிய மரியாதை கிடைத்தது உண்மை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல் கட்டாயம். நகரங்களுக்கென்று 12-வது அட்டவணையில் 18 பொறுப்புகள். ஆனால் அந்தப் பொறுப்புகளை மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதவில்லை. 'கொடுக்கலாம்' என்று எழுதினார்கள். நம்ம ஊரில் 'கல்யாணத்துக்கு வரலாம்' என்று ஒருத்தர் சொன்னால் அவருக்கு இலை போடுவோமா?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சுதந்திரத்துக்கு முன்னால் நாட்டு விவகாரத்தைப் பேசியவர்களில் பாதிப் பேர் நகராட்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்கள். அலகாபாத் நகராட்சித் தலைவர் நேரு. அகமதாபாத்துக்கு படேல். கல்கத்தா மேயராக சி.ஆர்.தாஸ், பிறகு சுபாஷ் போஸ். இங்கே சேலத்துக்கு ராஜாஜி, ஈரோட்டுக்குப் பெரியார். சாக்கடையும் சுயராஜ்யமும் ஒரே அஜெண்டாவில் இருந்த காலம் அது. சுயராஜ்யம் வந்தது. அஜெண்டாவில் சாக்கடை மட்டும் மிச்சம்!

சட்டசபைக்கு ஒரு வாசல் இருந்தது. மேல்சபை என்ற சட்ட மேலவை. அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேரை உள்ளாட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். அரசியல் சட்டம் 171-வது பிரிவு. அந்த மேலவை 1986-ல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தது எம்.ஜி.ஆர். அரசு. 1977-ல் அவர் ஜெயித்து முதல் முறை முதலமைச்சரானது எந்தத் தொகுதியிலிருந்து? அருப்புக்கோட்டை! எங்க ஊர் அனுப்பி வைத்தவர் கையாலேயே எங்க ஊர் கவுன்சிலரின் அந்த வாசல் சாத்தப்பட்டது. யாரும் வருத்தப்பட்டதாக டீக்கடை வரலாற்றில் பதிவு இல்லை.

*

சரி, பீரோ.

சித்தப்பா வீடு 1,150 சதுர அடி. அரையாண்டு சொத்து வரி 640 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். 2022-ல் அது 960 ஆனது. பாதிக்குப் பாதி ஏற்றம். தறி ஷெட்டுக்கு வேறு கணக்கு. ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, நிலப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். 'ஏண்டா இப்படி?' என்று என்னைக் கேட்டார். பி.காம். படித்தவன் இல்லையா, பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஏன் என்றால், டெல்லியில் 15-வது நிதிக் குழு. என்.கே.சிங் தலைவர். 2017 நவம்பரில் அமைக்கப்பட்டு, 2021 முதல் 2026 வரைக்கான அறிக்கையை 2020 நவம்பரில் கொடுத்தது. நாடு முழுக்க உள்ளாட்சிகளுக்கு அந்த ஐந்து வருஷத்துக்கு சுமார் 4.36 லட்சம் கோடி ரூபாய் மானியம் சொன்னது. அதில் நகரங்களுக்கு சுமார் 1.21 லட்சம் கோடி. நல்ல விஷயம்தான். ஆனால் நகரங்களின் மானியத்துக்கு ஒரு நிபந்தனை. மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு வரி வசூலும் மாநில உற்பத்தியின் சராசரி வளர்ச்சிக்கு ஈடாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் மானியத்துக்குத் தகுதி போய்விடும்.

அந்த மானியம் சின்ன ஊர்களுக்கு ஊறுகாய் இல்லை, சோறு. அருப்புக்கோட்டை மாதிரி பத்து லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள ஊருக்கு அதில் 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் துப்புரவுக்கு, மிச்சம் 40 சதவீதம் மற்ற தேவைகளுக்கு. வேண்டாம் என்று எந்த நகராட்சி சொல்லும்?

2022 மார்ச் கடைசியில் தமிழக அரசு அரசாணை போட்டது. சென்னை தவிர மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏற்றம். கடைகளுக்கு 100. தொழிற்சாலைக்கும் சுயநிதிப் பள்ளிக்கும் 75. நிதிக் குழுவின் நிபந்தனையை அரசே காரணமாகச் சொன்னது. ஊர் ஊராக மன்றம் கூடித் தீர்மானம் போட வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், பிறகு முடிவு.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். கணக்குப் படித்தவனுக்கு தேதிதான் முக்கியம்.

தமிழ்நாட்டு நகராட்சிகளின் பழைய மன்றங்களுக்குப் பதவிக்காலம் முடிந்தது 2016 அக்டோபரில். அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். கவுன்சிலர்கள் பதவியேற்றது மார்ச் 2. நடுவில் ஐந்தரை வருஷம் தனி அலுவலர் ராஜ்யம். நிதிக் குழு அமைத்தது, உட்கார்ந்தது, யோசித்தது, எழுதியது, கொடுத்தது எல்லாமே அந்த ஐந்தரை வருஷத்துக்குள். அதாவது இந்த நிபந்தனை உருவானபோது, 'எங்க ஊருக்கு இது தாங்காது' என்று சொல்ல தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஒரு நகர்மன்ற உறுப்பினர்கூட நாற்காலியில் இல்லை!

மாப்பிள்ளை பார்க்க வந்தபோது பெண் ஊரில் இல்லை. நிச்சயத்துக்கும் இல்லை. மார்ச்சில் ஊர் திரும்பினாள், ஏப்ரலில் தாலி!

அண்ணாச்சி அந்த ஏப்ரல் கூட்டத்தைச் சொன்னார். அவர் முதல் தடவை கவுன்சிலர். வேட்டி கஞ்சி போட்டபடி முறுமுறுவென்று இருந்ததாம். "வார்டுல போர்வெல் போடறேன்னு சொல்லி ஓட்டு வாங்கிட்டு வந்து ஒரு மாசம் ஆகலை. மொத வேலையா வரியை ஏத்துறதுக்குக் கை தூக்கச் சொல்லிட்டாங்க. தூக்கலைன்னா மானியம் போயிரும். தூக்குனா தெருவுல நடக்க முடியாது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கட்சி என்ன சொல்லுச்சோ அதைப் பண்ணேன்."

இங்கேதான் சார் விஷயமே இருக்கிறது. அந்த மாதம் தமிழ்நாடு முழுக்க மன்றங்களில் ஆளுங்கட்சி கை தூக்கியது, அ.தி.மு.க. பல இடங்களில் வெளிநடப்பு செய்தது. சந்தோஷம். 2018 ஜூலைக்குப் போவோம். அப்போது அ.தி.மு.க. அரசு சொத்து வரியை ஏற்றியது - வீட்டுக்கு 50 சதவீதம் வரை, வாடகை வீட்டுக்கும் கடைக்கும் 100 வரை. அப்போது தி.மு.க. ஆர்ப்பாட்டம் செய்தது. 2019 நவம்பரில் அந்த ஏற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. 2022-ல் ஆள் மாறியது, வசனம் மாறவில்லை. ஒரே நாடகம், இரண்டு கம்பெனி, வேஷத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

நான் எந்தக் கட்சியையும் திட்டவில்லை. வரி ஏற்றாமல் ஊர் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். பழைய வீதத்தை வைத்துக்கொண்டு புது பைப் போட முடியாது. ஆனால் கட்சி நிலை என்று ஒன்று இருந்தது. ஊர் நிலை என்று ஒன்று இருந்ததா? அருப்புக்கோட்டையும் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உட்கார்ந்து, 'ஏற்றம் சரி, ஆனால் எங்களுக்கு இந்த அளவில், இத்தனை தவணையில்' என்று பேச ஒரு மேஜை இருந்ததா? அந்த மேஜை இருந்தால் அண்ணாச்சிக்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதில் இருந்திருக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. நான் குடியிருக்கிற ஊரில் (பெயர் வேண்டாம்) ஆட்சேபணை கேட்டபோது மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். விகிதாசாரம், ஒப்பீட்டு அட்டவணை, அடிக்கோடு எல்லாம் உண்டு. ரப்பர் ஸ்டாம்ப் அடித்து வாங்கிக்கொண்டார்கள். 'தெருவுல வேற யாரும் எழுதலையா?' என்று மனைவியிடம் விசாரித்தேன். 'நீங்க எழுதியாச்சுல்ல, போதும்னு சொன்னாங்க' என்றாள். ஒரு தெருவே சேர்ந்து ஒரு நிலை எடுக்காதபோது, நாலு நகராட்சி எடுக்கவில்லை என்று நான் எந்த முகத்தோடு கேட்பது?

*

மற்ற ஊர்களில் எப்படி?

1932. அமெரிக்காவில் பெரும் பஞ்சகாலம். கம்பெனிகள் மூடி, ரொட்டிக்கு வரிசை. டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபி மற்ற ஊர் மேயர்களைக் கூப்பிட்டார். 'தனித்தனியாகக் கேட்டால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான், சேர்ந்து போவோம்' என்பதுதான் யோசனை. வாஷிங்டனுக்குத் தூது போனார்கள். அந்த ஜூலையில் நிவாரணத்துக்காக மாநிலங்களுக்கு 30 கோடி டாலர் கடன் கொடுக்க மத்திய சட்டம் வந்தது. மேயர்கள் கேட்டது அதைவிட ரொம்ப அதிகம். ஆனாலும் அதுவரை மூடியே இருந்த கதவு அது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய அமெரிக்க மேயர்கள் மாநாடு.

அது வேலை செய்யும் விதம் நம் ஆபீஸ் யூனியன் மாதிரிதான். வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். அதற்கு முன்பே மேயர்கள் தீர்மான வரைவை எழுதி அனுப்ப வேண்டும். வீட்டு வசதிக்கு ஒரு கமிட்டி, போக்குவரத்துக்கு ஒரு கமிட்டி என்று இருக்கிறது. கமிட்டி வரைவை அடித்துத் திருத்தும். இரண்டு ஊர் ஒரே விஷயத்தைச் சொன்னால் ஒன்றாகச் சேர்க்கும். பிறகு எல்லோரும் ஓட்டு. தேறினால் அது மாநாட்டின் நிலை. அதைத்தான் ஜனாதிபதியிடமும் காங்கிரசிடமும் கொண்டுபோவார்கள். மேயர்களுக்கும் கட்சி உண்டு, சண்டை உண்டு. ஆனால் ஊருக்கு என்ன வேண்டும் என்பது முதலில் தாளில் ஏறிவிடுகிறது. கட்சி அதற்கப்புறம்.

அதில் உறுப்பினராக ஊரின் ஜனத்தொகை எவ்வளவு இருக்க வேண்டும் தெரியுமா? 30 ஆயிரம்! 2011 கணக்கெடுப்பில் அருப்புக்கோட்டைக்கு 87 ஆயிரத்துக்கு மேல். அமெரிக்கக் கணக்குப்படி எங்க சேர்மன் சிகாகோ மேயருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். கோட் மட்டும் தைக்க வேண்டும். துணி எங்க ஊரிலேயே கிடைக்கும்.

தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே. அங்கே அரசியல் சட்டத்திலேயே உள்ளாட்சிகளின் கூட்டமைப்புக்கு இடம் உண்டு. நாடாளுமன்றத்தின் மாகாண சபையில் உள்ளாட்சிகள் சார்பில் 10 பேர் வரை உட்காரலாம். ஓட்டு கிடையாது, பேசலாம். ஓட்டு இல்லாத நாற்காலி என்று சிரிக்காதீர்கள். நாற்காலியே இல்லாதவனுக்கு அது சிம்மாசனம்.

நம் நாட்டில் அப்படி ஒன்றுமே இல்லையா? அகில இந்திய மேயர்கள் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது மேயர்களுக்கு. மேயர் மாநகராட்சிக்குத்தான். அருப்புக்கோட்டைக்கு சேர்மன்! பக்கத்தில் கேரளாவில் நகராட்சித் தலைவர்களுக்குத் தனி அமைப்பும், கிராம ஊராட்சிகளுக்குத் தனி சங்கமும் உண்டு.

ஜி.எஸ்.டி. கவுன்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை முதல் நாட்டின் மறைமுக வரியில் பெரும்பகுதி அந்த மேஜையில் தீர்மானமாகிறது. மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. உள்ளாட்சிக்கு? ஸ்டூல்கூட இல்லை. கேளிக்கை வரி மட்டும் உள்ளாட்சி விதித்தால் விதிக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். அதன் விளைவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஜூலையிலேயே 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 30 சதவீத உள்ளாட்சி கேளிக்கை வரியும் ஒன்றாக விழ, தமிழ்நாட்டு தியேட்டர்கள் சில நாள் மூடிக் கிடந்தன. அப்புறம் உள்ளாட்சி வரியைக் குறைத்தார்கள். குறைக்க வைத்தது யார்? சேர்ந்து கதவை மூடிய தியேட்டர்காரர்கள். அந்த வரி யார் பெயரில் வசூலானதோ அந்த உள்ளாட்சிகளில் அன்றைக்கும் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது!

*

அதெல்லாம் சரி, சேர்ந்தால் மட்டும் எங்க வறண்ட பூமி சொல்லப்போவது என்ன? 'எங்களுக்கும் கொடுங்க' என்பதை எல்லா ஊரும்தான் சொல்லும்.

இல்லை. எங்களிடம் ஒரு தனி விஷயம் இருக்கிறது.

அந்த நிபந்தனையில் 'மாநில உற்பத்தியின் சராசரி வளர்ச்சி' என்று ஒரு வரி வந்ததே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில உற்பத்தி என்றால் ஸ்ரீபெரும்புதூர் கார், ஓசூர் மோட்டார், கோயம்புத்தூர் பம்ப், சென்னை சாஃப்ட்வேர் எல்லாம் சேர்ந்தது. அது வருஷா வருஷம் ஏறும். ஏறட்டும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் மானாவாரி. ஐப்பசி மழை ஏமாற்றினால் மிளகாயும் பருத்தியும் மக்காச்சோளமும் ஏமாற்றும். கிராமத்தில் காசு ஓடாவிட்டால் அருப்புக்கோட்டை கடைத்தெருவில் ஈ ஓடும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் பெய்கிற மழையையும் திருச்சுழியில் பெய்கிற மழையையும் கூட்டி இரண்டால் வகுத்தால், எங்க ஊரில் முப்போகம் நெல் விளையும் - காகிதத்தில்.

இந்த விருதுநகரையும் பக்கத்து ராமநாதபுரத்தையும்தான் மத்திய அரசு 2018-ல் 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்த இரண்டு மட்டும். ஒரு கை 'நீ பின்தங்கியிருக்கிறாய்' என்று முதுகைத் தட்டுகிறது. இன்னொரு கை 'மாநில வேகத்தில் ஓடு' என்று விசில் ஊதுகிறது. இரண்டு கையும் டெல்லியில் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. இதை எடுத்துச் சொல்ல விருதுநகர் மாவட்டத்து ஐந்து நகராட்சி, சிவகாசி மாநகராட்சி, ராமநாதபுரத்து நகராட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதாதா?

அப்புறம் தண்ணீர். அருப்புக்கோட்டைக்குக் குடிக்கிற தண்ணீர் மாவட்டம் தாண்டித் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. ஆற்றங்கரையில் உள்ள ஊர் கையை நீட்டி மொண்டு குடிக்கிறது. நாங்கள் கரண்ட் பில் கட்டிக் குடிக்கிறோம். மானியத்தைப் பிரிக்கிறவர்கள் ஜனத்தொகையைப் பார்ப்பார்கள், பரப்பளவைப் பார்ப்பார்கள். ஒரு குடம் தண்ணீர் வந்து சேர ஆகும் செலவைப் பார்க்கச் சொல்ல வேண்டியது யார்?

சொல்வதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. நிதிக் குழு மாநிலம் மாநிலமாக வரும்போது உள்ளாட்சிப் பிரதிநிதிகளையும் கூப்பிட்டுக் கேட்கும். நகராட்சிகளின் நிதியைப் பெருக்க வழி சொல்வது அதன் வேலை என்று அரசியல் சட்டமே 280-வது பிரிவில் சொல்கிறது. அரவிந்த் பனகாரியா தலைமையில் 16-வது நிதிக் குழு 2024 நவம்பரில் சென்னைக்கு வந்தது. 2026 முதல் 2031 வரைக்கான அறிக்கையை 2025 நவம்பரில் கொடுத்துவிட்டது. இந்தத் தடவை குழு வந்தபோது நம் நகராட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றங்கள் இருந்தன. கிராமங்களுக்குத்தான் அதிர்ஷ்டம் கம்மி. எங்க மாவட்டத்து 450 ஊராட்சிகளையும் சேர்த்து, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள். ரமணர் பிறந்த திருச்சுழியும் அதில் ஒன்று. அவராவது மௌனத்தையே உபதேசமாக வைத்திருந்தார். ஊராட்சிக்கு அது கட்டுப்படியாகுமா?

இதையெல்லாம் அந்த டீக்கடையில் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஜனவரிக்கு அப்புறம் மூன்று நாலு தடவை அண்ணாச்சியைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு ஃபைல் கொண்டுபோனேன். கடைசித் தடவை அவர் வீட்டுத் திண்ணையில். சித்தப்பாவும் வந்திருந்தார், ரசீதோடு.

"அடுத்த குழு எப்ப?" என்றார் அண்ணாச்சி.

"ஐந்து வருஷம் கழிச்சு. 2031-லருந்து கணக்கு. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே குழு உக்காந்துரும்."

"அப்ப நான் கவுன்சிலரா இருப்பேனோ என்னவோ."

"தாள் இருக்கும்ல?" என்றார் சித்தப்பா.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். பக்கத்து நகராட்சியில் ஒரு கவுன்சிலர். எதிர்க்கட்சி. மேடையில் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வார்கள். ஆனால் அண்ணாச்சி மச்சினன் மகளைக் கட்டிக்கொடுத்தது அந்த வீட்டில்தான்.

"என்ன மாமா, நல்லாருக்கீங்களா... மழையா? இங்க எங்க மழை... ஒண்ணுமில்லை, ஒரு கணக்கு வேணும். உங்க ஊருக்குத் தண்ணி ஏத்துறதுக்கு மாசம் கரண்ட் பில் எவ்வளவு கட்டுறீங்க?... இல்ல இல்ல, பேப்பருக்கு இல்ல. கட்சி விஷயமும் இல்ல மாமா, சத்தியமா!... எதுக்கா? எங்க பில்லையும் உங்க பில்லையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாக்கலாம்னுதான்..."

அந்தப் பக்கம் என்னவோ பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். அண்ணாச்சி 'ம்... ம்...' என்று தலையாட்டிவிட்டு போனை வைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றாராம். ஆனா அவரு கேக்குறாரு, 'மொதல்ல உங்க பில்லு எவ்வளவுன்னு சொல்லுங்க'ன்னு."

"சொல்ல வேண்டியதுதானே?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். மூன்று மாதமாக நிதிக் குழு, அரசியல் சட்டம், அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று சேர்த்த காகிதத்தில் அது மட்டும் இல்லை.

"திங்கக்கிழமை காலைல வா தம்பி" என்றார் அண்ணாச்சி. "தண்ணி செக்ஷன்ல போய்க் கேப்போம்."